8085 கிட்: மானிட்டர் ரோம் லிஸ்டிங் யாரிடமாவது இருக்கிறதா?

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் 8085 கிட் (இன்டெல் 8085 மைக்ரோபிராசசர் பயிற்சி போர்டு) வைத்திருக்கிறவர்கள் கொஞ்சம் பாருங்கள். மானிட்டர் ரோம் என்பது கிட்டை இயக்கும் புரோகிராம் பதிந்த சிப்; அதன் வரிகளின் அச்சுப் பிரதிதான் லிஸ்டிங்.

விநாடிக்கு ஒன்றாக 00 முதல் 99 வரை எண்ணும் புரோகிராம். கிரிஸ்டல் 6.144 மெகாஹெர்ட்ஸ், கிளாக் அதில் பாதி. உள் லூப்பில் டிசிஎக்ஸ் டி (டிஇ ரெஜிஸ்டர் ஜோடியில் ஒன்று குறைக்கும்), மூவ் ஏ,டி, ஓஆர்ஏ இ (இந்த இரண்டும் டிஇ பூஜ்யமா என்று பார்க்க), ஜேஎன்ஸெட் (பூஜ்யம் இல்லையென்றால் திரும்பும்). சுற்றுக்கு 24 டி-ஸ்டேட் (கிளாக் துடிப்பு). டிஇ-யில் எஃப்ஏ00 (ஹெக்ஸ்) போட்டால் 64,000 சுற்று, அரை விநாடி. அதை சி ரெஜிஸ்டரில் 02 வைத்து இரண்டு முறை ஓட்டுகிறோம். (விடை பூஜ்யமா என்று காட்டும் ஃப்ளாகை டிசிஎக்ஸ் தொடாது, ஓஆர்ஏ அதற்குத்தான். வெளி லூப், டிஇ-யில் எண்ணை ஏற்றும் எல்எக்ஸ்ஐ வரிக்குத்தான் திரும்புகிறது. அதைத் தாண்டிக் குதித்தால் டிஇ 0000-லிருந்து புரண்டு 65,536 சுற்று ஓடும். இதெல்லாம் பார்த்தாயிற்று.)

சிக்கல் மானிட்டர் ரோமில் உள்ள, எண்ணைக் காட்டும் டிஸ்ப்ளே ரூட்டீனில். எண்ணிக்கை பி ரெஜிஸ்டரில் இருக்கிறது. ரூட்டீனைக் கால் செய்துவிட்டு (அழைத்துவிட்டு) வந்தால் 00-க்கு அடுத்து 01 வராமல் 46 வருகிறது. பூஜ்யத்தின் செக்மென்ட் கோடு (டிஸ்ப்ளேயில் எந்தக் கோடுகள் எரிய வேண்டும் என்ற எண்) ஹெக்ஸில் 3எஃப். அதோடு 1 கூட்டி டிஏஏ (விடையை தசம இலக்கமாகத் திருத்தும் கட்டளை) போட்டால் 46 தானே? ரூட்டீன் பி-யில் கோடை விட்டுவிட்டுப் போகிறது என்று சந்தேகம்.

புஷ் பி, பாப் பி (பி, சி-யை ஸ்டாக்கில் சேமித்துத் திரும்ப எடுப்பது) போட்டு இப்போதைக்கு ஓடுகிறது. ஆனால் டிஇ, எச்எல் ரெஜிஸ்டர்களையும் ரூட்டீன் மாற்றுகிறதா? லிஸ்டிங்கில் அந்த ரூட்டீன் இருக்கும் பக்கம் மட்டும் போதும். நேரில் வந்து வாங்கிக்கொள்கிறோம், ஜெராக்ஸ் செலவு எங்களுடையது.