மோட்பஸ் டிசிபி: முழு எண் போகிறது, ரியல் மட்டும் 0.0

கேள்வி:
சாயப்பட்டறையில் இரண்டு பிஎல்சி (மெஷினை ஓட்டும் சிறு கணினி). பாய்லர் பக்கத்து பிஎல்சி, சாய மெஷின் பிஎல்சிக்கு மோட்பஸ் டிசிபியில் (நெட்வொர்க் வழியே மெஷின்கள் பேசிக்கொள்ளும் முறை) எழுதுகிறது. பங்ஷன் கோடு 16 (பல ரெஜிஸ்டர்களில், அதாவது எண் வைக்கும் அறைகளில், ஒரே தடவையில் எழுதும் கட்டளை), போர்ட் 502. பம்ப் நிலை, அலாரம் எண் எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேருகின்றன. வெப்பநிலை மட்டும் ரியல் (தசம எண்) வேரியபிள். சோதனைக்கு 37.5 போட்டால் அங்கே 0.0. எரரும் வரவில்லை. நேற்று ராத்திரி முழுக்க இதோடுதான் மல்லுக்கட்டு.

பதில்:
எரர் வராததே துப்புதான் தம்பி. ரியல் 32 பிட், ரெஜிஸ்டர் 16 பிட். ஆக, இரண்டு துண்டாகப் போகும். எந்தத் துண்டு முன்னால் என்று மோட்பஸ் விதி வைக்கவில்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டம். 37.5 என்பது இரண்டு ரெஜிஸ்டரில் 16918, 0. அது இடம் மாறினால் பூஜ்யத்தை ஒட்டிய பொடி எண்ணாகிவிடும், திரை 0.0 என்றுதான் காட்டும். வாங்குகிற பக்கம் ரெஜிஸ்டர்களை அப்படியே முழு எண்ணாகத் திறந்து பாருங்கள்.

இன்னொரு பதில்:
முகவரியையும் பாருங்கள். கையேட்டில் 40101 என்றிருந்தால் கம்பியில் போவது 100; 40001-ஐத்தான் அங்கே 0 என்று எண்ணுவார்கள். எனக்கு ஒரு நாள் கூலி இதிலேயே போனது.

கேட்டவர்:
அண்ணே, 0, 16918 என்றே இருந்தது! வாங்குகிற பக்கம் இரண்டு வேர்டையும் (16 பிட் துண்டு) மாற்றிப் போட்டேன், 37.5 வந்துவிட்டது.

பதில்:
சரி. அப்புறம், நொடிக்கு ஒன்று கூடும் எண் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். கேபிள் கழன்றால் பழைய வெப்பநிலையே அங்கே நிற்கும். அந்த எண் நின்றால் அலாரம் அடிக்கட்டும்.