அ, இம், மா

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயத்து வீடுகளில் இருந்த சனமெல்லாம் டவுன் தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, குடிவந்தாச்சு. என் சின்னவன் முதலாம் ஆண்டு படித்தபோது நடந்தது இது.

247 எழுத்தையும் அட்டையைப் பார்த்துப் பாட்டாகவே ஒப்பிப்பான். 'அம்மா' என்று எழுதிக் காட்டினால், "அ... இம்... மா... அயிம்மா!" வீடே சிரிக்கும், அவன் அழுவான். அதே பையன் மலாயில் ரோ, டி, ரோட்டி என்று கடகடவென்று படித்தான். பேசாமல் தமிழ்ப்பள்ளியிலிருந்து மலாயில் நடக்கும் தேசியப் பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர்.

மூத்தவள் லினுஸ் என்ற அரசாங்க எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டக் காலத்துப் பிள்ளை. 2010இல் வந்த அந்தத் திட்டத்தில் முதல் மூன்று ஆண்டுப் பிள்ளைகளுக்கு மலாய் வாசிப்பும் கணக்கும் சோதித்தார்கள், 2013இல் ஆங்கிலமும் சேர்ந்தது. தமிழை மட்டும் எங்கள் பள்ளியில் அவரவர் படித்த மாதிரியே சொல்லிக்கொடுத்தார்கள். சின்னவனின் டீச்சர் மேல் எனக்குக் கோபமில்லை. வருஷக்கணக்கில் ஆறாம் ஆண்டுக்குப் பாடம் எடுத்தவர். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதும் யுபிஎஸ்ஆர் சோதனையை 2021இல் ரத்து செய்த பிறகு அவரைச் சின்ன வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள், பயிற்சி எதுவும் இல்லாமல்.

அவர் பிரசவ விடுப்பில் போனதும் வேறொரு டீச்சர் வந்தார். எழுத்தறிவுப் பயிற்சிக்குப் போய்வந்தவராம். "இவனுக்கு மண்டையில ஏறலையா டீச்சர்?" என்று கேட்டேன்.

"மண்டையெல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. 'இம்'ங்கிறது எழுத்தோட பேரு. வாசிக்கும்போது பேரைச் சொன்னா சொல்லு எப்படி வரும்?"

பையனின் விரலை அவன் உதட்டிலேயே வைக்கச் சொன்னார். வாயை மூடி "ம்ம்ம்". அதிருதா? அதிருது. அ... ம்ம்ம்... மா. மூன்றாவது தடவை 'அம்மா' வந்துவிட்டது. எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

கொம்பு அடுத்த தலைவலி. 'கொ'வில் கொம்பு முன்னால் நிற்கும், ஓசை பின்னால் வரும். இவன் கொம்பைத் தனியாக, காலைத் தனியாகப் படிப்பான். டீச்சர் மூன்றையும் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "இது ஒரே வீடு, உடைக்காதே" என்றார். அது பிடிபட ஒரு மாதம் ஆனது. ன, ண, ந குழப்பம் சொல்வதெழுதலில் இன்னும் இருக்கிறது.

இப்போது சண்டை வீட்டில்தான். பால்மரம் சீவிய என் மாமியார் இன்னமும் "இக், இங், இச்" என்றுதான் ஆரம்பிப்பார். இவன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "பாட்டி, பேரைச் சொல்லாதீங்க, சத்தத்தைச் சொல்லுங்க" என்கிறான்.