கருவாயன் மூக்கைத் திருப்பினால் காற்று மாறிவிட்டது என்று அர்த்தம்

நான் பல்லடத்துக்காரன். நம்மூரில் வெயில் காலத்தை விட்டால் வேறென்ன இருக்கிறது என்று பேசிக்கொண்டு திரிந்தவன்தான். நாலு வருசமாகக் கருவாயனைக் கூட்டிக்கொண்டு காலை அஞ்சரைக்கும் சாயங்காலம் ஏழுக்கும் நடக்கிறேன், அதே தெரு, அதே முக்கு, அவன் காலைத் தூக்குகிற அதே மின்கம்பம், இப்போது அப்படிப் பேச வாய் வருவதில்லை. (செவலை நாட்டு நாய். மூஞ்சி மட்டும் கரி பூசினாற்போல் இருக்கும், அதனால் அந்தப் பேர்.)

தெருவுக்கு மேற்கே விசைத்தறிக் கூடங்கள், கிழக்கே ஒரு கோழிப்பண்ணை. முக்குக்கு வந்ததும் கருவாயன் நின்று மூக்கைத் தூக்குவான். மாசி பங்குனியில் அதுகூடக் கிடையாது, இலை அசையாது, தரையை மோந்தபடியே போய்க்கொண்டிருப்பான். வைகாசி கடைசியில் ஒரு நாள் மேற்கே திரும்பி நிற்பான், காது இரண்டும் பின்னால் மடங்கியிருக்கும், அன்றைக்குப் பார்த்துத் தறிச் சத்தம் பக்கத்து வீட்டில் ஓடுவதுபோல் கேட்கும். முதல் வருசம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாம் வருசம்தான், அட, மேகாத்து வந்துவிட்டது என்று பிடிபட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேற்குக் காற்று. மலைத்தொடரில் 30, 40 கிலோமீட்டருக்கு அந்தச் சந்து இல்லாவிட்டால் கேத்தனூர்ப் பக்கம் மின்சாரம் எடுக்கிற அத்தனை காத்தாடிகளை யார் நட்டிருப்பார்கள்? வால்பாறையில் மழை கொட்டுகிற நாட்களில் இங்கே வானம் மூடிக்கொண்டு நாலு தூறல் போட்டால் பெரிசு, மற்றபடி புழுதியும் பஞ்சுத் தூசியும்தான்.

ஆடியில் அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. ஆனால் போன ஆடியில் யாரோ மாடியில் காயப்போட்ட போர்வை பறந்து வந்து சரியாகக் கருவாயன் தலையில் விழுந்தது. ஊர் நாய்களையெல்லாம் முறைக்கிற வீரன், போர்வையோடு என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வாசல் வரை ஓடினான். அந்த மாசத்தில்தான் வேப்பமரத்தடி முழுக்க மஞ்சள் மஞ்சளாகப் பழம் கிடக்கும், ஒன்றை எடுத்து வாயில் போடுவான், நாக்கைச் சுழற்றுவான், சதையை நக்கிவிட்டுக் கொட்டையை என் செருப்புக்குப் பக்கத்தில் துப்புவான். தினமும் ஒன்றே ஒன்று. ஏன் ஒன்று என்று கேட்காதீர்கள்.

புரட்டாசியில் காற்று அடங்கும். அப்புறம் ஒரு நாள் கிழக்கே திரும்பி நிற்பான், கோழிப்பண்ணை நாத்தம் நமக்குக் குடலைப் புரட்டும், அவனுக்கோ கல்யாணப் பந்தி. இது வந்தால் பத்து நாளில் மழை என்று வீட்டில் சொல்லிவைத்தேன், இரண்டு வருசம் பலித்தது, ஒரு வருசம் மானம் போனது.

ஒரு வருசம் ஐப்பசியில்தான் தப்பும் செய்தேன். மழை விட்டுப் புல் முழங்கால் உயரம் வந்திருந்தது, அவன் அதற்குள் புகுந்து புகுந்து வந்தான், எனக்கும் பார்க்கச் சந்தோசமாக இருந்தது. பத்துப் பதினைந்து நாள் கழித்துச் சோறு வேண்டாம் என்று மூலையில் படுத்தவனை, மழைச் சோம்பல் என்று மூன்று நாள் விட்டுவிட்டேன். நாலாம் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்தால், ரத்தம் உறைய உதவுகிற தட்டணு குறைந்திருக்கிறது, உண்ணியால் வருகிற காய்ச்சல் என்றார் மருத்துவர். டாக்சிசைக்ளின் மாத்திரை 28 நாள். வெல்லத்துக்குள் ஒளித்துக் கொடுத்தால் வெல்லத்தை மட்டும் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்புவான், வேப்பங்கொட்டையில் பழகியவன் ஆயிற்றே.

இதைப் படித்துவிட்டுக் காங்கேயம் பக்கமிருந்து ஒருவர்:

ஏனுங்க, உங்களுக்குக் காற்று என்றால் எங்களுக்குக் கிளுவை வேலி. கோடையில் இலை உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும், கொறங்காட்டுக்குள் (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) நடப்பதெல்லாம் எங்கள் மணிக்கு இந்தப் பக்கமிருந்தே தெரியும், வெள்வேல மரத்தடியில் காய் பொறுக்குகிற ஆட்டை எண்ணிக்கொண்டே வருகிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் ஒரு குரை. மழை பெய்து வேலி தழைத்துவிட்டால் உள்ளே இருப்பது ஒன்றும் தெரியாது. போன வருசம் ஒரு சந்தில் மணி தலையை நுழைக்கிறான், அந்தப் பக்கமிருந்து ஒரு மயிலும் தலையை நீட்டுகிறது. இரண்டில் எது அதிகமாகக் கத்தியது என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. தோகை உதிர்ந்த மயில், அதுவே பாதி வெட்கத்தில் இருந்திருக்கும்.

கோவையிலிருந்து இன்னொருவர்:

எங்களுக்கு அடுக்குமாடி, காற்றும் இல்லை, வேலியும் இல்லைங்க. பங்குனி சித்திரையில் புங்கமரத்தடியில் பொரி கொட்டினாற்போல் பூ கிடக்கும், எங்கள் அம்மிணி (லாப்ரடார், எட்டு வயசு) அதில் புரண்டுவிட்டு வீட்டுக்கு வந்து சோபாவில் உதறுவாள். அந்த மாசங்களில் இறங்கியதும் தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பார்ப்பேன், அஞ்சு நொடி தாங்காவிட்டால் நடை கிடையாது, மண் ஓரமாக ஒன்றுக்குப் போய்விட்டுத் திரும்பிவிடுவோம். போகி அன்றைக்குக் காப்புக் கட்டுகிற பூளைப்பூவும் ஆவாரம்பூவும் ஒவ்வொரு வாசலிலும் தொங்கும், அவள் வீடு வீடாக மோந்து வருகைப் பதிவு எடுப்பாள். அதிருக்கட்டும், உண்ணிக்கு என்னங்க செய்கிறீர்கள்?

மறுபடியும் பல்லடம்:

மருத்துவர் எழுதித் தருகிற மாத்திரையைத் தேதி தவறாமல் கொடுக்கிறேன். நடந்து வந்ததும் கால் விரல் இடுக்கு, காது மடிப்பு, கழுத்துப்பட்டைக்கு அடி, இந்த இடங்களில் கையை விட்டுத் தடவுவேன், இன்றைக்குக் காலையில் இரண்டு கிடைத்தது. எனக்குத் தெரியாமல் இருந்தது ஒன்று உண்டு. ரத்தம் குடித்துப் பெருத்த உண்ணி நாய் மேல் முட்டையிடுவதில்லை, கீழே இறங்கிச் சுவர் விரிசலில் போய்த்தான் இடுகிறது. நாயை எத்தனை தேய்த்துக் குளிப்பாட்டினாலும் திரும்பத் திரும்ப வந்ததன் காரணம் அதுதான். வாசல் சுவர் விரிசலையெல்லாம் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டேன். செலவை வாடகையில் கழிக்க முடியாதாம், வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.