பாப்பரசர் வந்தார், பில் யாருக்கு? நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

கிழக்குலண்டன்:

2010 செப்டம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு எங்கள் பங்குக் கோயில் வாசலில் பஸ் வந்து நின்றது. பர்மிங்காமில் கோப்டன் பூங்காவில் பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயரான கர்தினால் நியூமனை அருளாளராக (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) அறிவிக்கும் திருப்பலி. நினைத்தவர் நினைத்தபடி காரில் போய் இறங்க முடியாது. பங்கில் பெயர் பதிந்து, கூட்டமாகத்தான் போக வேண்டும். ஆளுக்கு 25 பவுண். அம்மாவுக்கும் எனக்குமாக 50. அதற்கு ஒரு பை, ஒரு சிறு புத்தகம், ஓர் இறுவட்டு, ‘யாத்திரிகர் கடவுச்சீட்டு’ என்று ஓர் அட்டை. மன்னாரில் மடுத் திருவிழாவுக்குப் போக யாரும் எங்களிடம் கடவுச்சீட்டுக் கேட்டதில்லையே என்று அம்மா சிரித்தார்.

தூறல், ஈரப் புல், விமான நிலையத்தில் போலச் சோதனை. விடியும்வரை பொலித்தீன் விரித்து உட்கார்ந்திருந்தோம். கடைசியில் பாப்பரசரின் கண்ணாடிப் பெட்டி வண்டி எங்களைக் கடந்தபோது ஐந்து விநாடி பார்த்திருப்போம். அம்மா அழுதார். அந்த ஐந்து விநாடியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

திரும்பி வரும்போது பின் இருக்கையில் ஒருவர், “நாம் நம்முடைய பணத்தைக் கட்டித்தான் வந்தோம், நாளைக்கு யாரும் நம்மை ஒரு சொல் சொல்ல முடியாது” என்றார். நானும் தலையாட்டினேன். விசாரித்துப் பார்த்தபோதுதான் கணக்கு வேறு என்று தெரிந்தது. 1982இல் இரண்டாம் யோவான் பவுல் வந்தது மேய்ப்புப் பயணம், அதாவது தன் திருச்சபை மக்களைப் பார்க்க வந்தது. இது அரசமுறைப் பயணம். பிரித்தானியாவில் கோர்டன் பிரவுன் பிரதமராக இருந்தபோது அவருடைய அரசு அழைத்தது. வந்து சேர்ந்தபோது கேமரன் பிரதமராக இருந்தார். எடின்பரோவில் ராணியே வரவேற்றார். திருப்பலிகளின் செலவு திருச்சபைக்கு, அரச நிகழ்ச்சிகளின் செலவு அரசாங்கத்துக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அரசின் பங்கு 10 முதல் 12 மில்லியன் பவுண் ஆகும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டிருந்தார்கள். பொலிஸ் செலவு அதில் சேராது.

அதுவரைக்கும்கூட எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. அரசன் கூப்பிட்ட விருந்தாளிக்கு அரசன்தான் சோறு போட வேண்டும். 2011 பெப்ரவரியில் நாடாளுமன்றத்தின் சர்வதேச அபிவிருத்திக் குழு ஒரு விடயத்தைக் கிளப்பியது. வெளிநாட்டு உதவிக்கான அமைச்சும் தன் பங்காக 18.5 லட்சம் பவுண் கொடுத்திருக்கிறது! ஏழை நாடுகளில் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் நடத்துகிறது கத்தோலிக்கத் திருச்சபை, அதை மதித்துக் கொடுத்தோம், உதவிக் கணக்கில் இதைச் சேர்க்கவில்லை என்று விளக்கம் வந்தது. அந்த வருடம்தான் வன்னியில் மீள்குடியேறிய சனங்களின் கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்க, நாங்கள் ஐந்தாறு பேர் ஈஸ்ட்ஹாமில் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம். ஒரு கிணற்றுக்கு என்ன செலவு என்பது எங்களுக்கு மனப்பாடம். 18.5 லட்சத்தை அந்தத் தொகையால் வகுத்துப் பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டேன்.

வரிப்பணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்தப் பெட்டியிலிருந்து எடுக்கிறார்கள் என்பதை முன்னாலேயே சொல்ல வேண்டும் என்கிறேன். நீங்கள் கண்டதை எழுதுங்கள்.

தஞ்சாவூர்ப்பெண்:

நீங்கள் பர்மிங்காம் பஸ் ஏறுவதற்கு முந்தைய பகல், செப்டம்பர் 18, நான் எதிர் அணியில் நடந்துகொண்டிருந்தேன் அண்ணா. ஹைட் பார்க் முனையிலிருந்து டவுனிங் தெருவரை. பல ஆயிரம் பேர். அப்பா சுயமரியாதைக்காரர், ஊர்வலம் எனக்குப் புதிதில்லை, ஆனால் இவ்வளவு ஒழுங்காக வரிசையில் நடக்கும் ஊர்வலம் புதிது.

என் பக்கத்தில் வந்த மூதாட்டி கழுத்தில் செபமாலை போட்டிருந்தார். வழி தவறி வந்துவிட்டாரோ என்று நினைத்தேன். இல்லை. தினமும் கோவிலுக்குப் போகிறவராம். “என் உண்டியல் காசில் அவர் வரட்டும், என் அண்டை வீட்டுக்காரனின் வரியில் வேண்டாம். அவனுக்கும் எனக்கும் முப்பது வருடமாக ஒரு சண்டையும் இல்லை” என்றார். மேடையில் பாதிரிமார்களால் சிறுவயதில் சீரழிக்கப்பட்டவர்கள் பேசியபோது அவர் செபமாலையைக் கழற்றிக் கைப்பையில் வைத்தார். அதே நாளில் பாப்பரசர் விம்பிள்டனில் அப்படிப்பட்ட சிலரைத் தனியாகச் சந்தித்தார் என்று மாலைச் செய்தியில் வந்தது. அந்த அம்மாவுக்கு அது போதுமாக இருந்திருக்குமா என்று தெரியவில்லை.

அடுத்த மாதம் அரசு செலவுக் குறைப்புத் திட்டத்தை அறிவித்தது. நான் வேலை பார்த்த இடத்தில் இரவுப் பணிக்கு ஆள் குறைத்தார்கள். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இரவு மூன்று மணிக்கு மனம் நியாயமாக யோசிப்பதில்லை.

அப்பா தமிழ்நாட்டையும் விட்டுவைக்கவில்லை, ஜெருசலேம் யாத்திரைக்கும் மானசரோவர் யாத்திரைக்கும் அரசு மானியம் கொடுப்பதை ஒரே மூச்சில் திட்டுவார். ஹஜ் மானியத்தை 2018இல் ஒன்றிய அரசு நிறுத்தியபோது மட்டும் கைதட்டியவர்களையும் சேர்த்துத்தான்.

சிட்னிவாசி:

எங்கள் ஊரில் 2008 ஜூலையில் கத்தோலிக்கத் திருச்சபையின் உலக இளைஞர் தினம். இதே பெனடிக்ட்தான். நான் ரான்ட்விக் குதிரைப் பந்தயத் திடலுக்குப் பக்கத்தில் குடியிருந்தேன். பெரிய திருப்பலி அங்கே. அதற்காகப் பந்தயங்கள் நின்றன. நட்டஈடாகப் பந்தயத் துறைக்கு மாநில அரசும் மத்திய அரசும் சேர்ந்து 40 மில்லியன் டொலர் அளவில் கொடுத்தன. சாமி கும்பிடுகிறவனின் வரியும் கும்பிடாதவனின் வரியும் போய்ச் சேர்ந்த இடம் குதிரைக்காரனின் கை! இதில் யார் பக்கம் கோபப்படுவது?

பணத்தைவிட என்னைச் சீண்டியது இன்னொன்று. யாத்திரிகர்களுக்கு ‘எரிச்சல்’ உண்டாக்கினால் 5,500 டொலர் வரை அபராதம் என்று மாநில அரசு விதி போட்டது. பாப்பரசர் கருத்தடையைப் பற்றிச் சொல்வதைக் கேலி செய்யும் பனியன் போட்டாலும் மாட்டலாம் என்று பேச்சு. நிகழ்ச்சி தொடங்கிய நாளிலேயே கூட்டாட்சி நீதிமன்றம் அந்த ‘எரிச்சல்’ பகுதியைச் செல்லாது என்றது. ஆனால் வந்த பிள்ளைகள் தங்கமானவர்கள். ரயிலில் கிற்றார் வாசித்து என்னைத் தூங்கவிடவில்லை, அவ்வளவுதான். எரிச்சல் எனக்குத்தான், அதற்கு அபராதம் கிடையாது.

எட்மண்டன்சாரதி:

கனடாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022 ஜூலை, பாப்பரசர் பிரான்சிஸ். பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து, அரசின் பணத்தில் திருச்சபைகள் நடத்திய வதிவிடப் பள்ளிகளில் அவர்களுக்கு நடந்ததற்கு மன்னிப்புக் கேட்க வந்தார். பழங்குடி மக்கள் பங்கேற்க உதவியாக மத்திய அரசு 35 மில்லியன் டொலருக்கு மேல் அறிவித்தது. அந்த நாட்களில் நான் அவர்களை ஏற்றி இறக்கிய பஸ் சாரதி. அவர் மன்னிப்புக் கேட்ட இடமான மாஸ்க்வாசிஸில் நிறுத்தியதும் எல்லோரும் இறங்கிவிட்டார்கள், ஒரு முதியவர் மட்டும் இறங்கவில்லை. “நீ போய்ப் பார். பஸ்ஸை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். நான் போகவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மன்னிப்புக் கேட்பவரின் பயணத்துக்கு யார் செலவழிக்க வேண்டும் என்று அன்று நான் நிறைய யோசித்தேன். அரசும் அந்தக் குற்றத்தில் பங்காளி. அப்படியானால் கொடுத்தது சரிதானோ என்றும் தோன்றியது. அந்த முதியவரிடம் கேட்கத் துணிவு வரவில்லை.

மடுவீதி:

அண்ணா, உங்கள் அம்மா சிரித்த அதே மடுவுக்கு 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசரே வந்தார். காலையில் காலிமுகத்திடலில் யோசப் வாஸ் அடிகளாருக்குப் புனிதர் பட்டம், மத்தியானத்துக்குப் பிறகு ஹெலிகொப்டரில் மருதமடு. ஜனவரி 8ஆம் திகதி தேர்தலில் ஆட்சி மாறியிருந்தது. பதவியேற்றுச் சில நாள் ஆன அரசாங்கம், முந்தைய அரசாங்கம் ஏற்பாடு செய்த விருந்தாளியை வரவேற்றது.

நாங்கள் முதல்நாள் இரவே போய் மரத்தடியில் பாய் விரித்துவிட்டோம். லட்சக்கணக்கான சனம். தமிழும் சிங்களமும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தன. 1999இல் அந்த வளவுக்குள் தஞ்சம் புகுந்திருந்தவர்கள்மேல் ஷெல் விழுந்து செத்த இடத்தைப் பக்கத்தில் இருந்த அக்கா சிங்களப் பெண் ஒருத்திக்குக் கையால் காட்டினார். இருவருக்கும் பொதுவான சொல் ‘மாதா’ ஒன்றுதான். காணாமல் போன மகனின் படத்தை நெஞ்சோடு வைத்திருந்த தாய்மாரைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

இனிப் பணத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் ஒழுங்கைக்கு ஆறு வருடமாக மனுக் கொடுத்துக் களைத்திருந்தோம். பாப்பரசர் வருவதற்கு மூன்று கிழமை முன்னால் ரோலர் வந்தது. அவர் அந்தப் பக்கமே வரப்போவதில்லை. வாகனங்களைத் திருப்பிவிட ஒரு மாற்றுவழி வேண்டுமாம். யார் பணம், எந்தத் தலைப்பில் செலவெழுதினார்கள் என்று கேட்டேன். சம்பந்தப்பட்ட அதிகாரி, “வீதி வந்ததா இல்லையா, அதைப் பாரும்” என்றார். வந்தது. அதனால் அதற்குமேல் கேட்கவில்லை. இப்போது உங்கள் கணக்கை வாசிக்கும்போது, கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அதே சமயம் அந்த வீதியால்தான் என் தங்கையைப் பிள்ளைப்பேற்றுக்குக் கொண்டுபோனோம்.

கிழக்குலண்டன்:

தஞ்சாவூர்ப்பெண், அந்த மூதாட்டி என் அம்மாவைச் சந்தித்திருந்தால் இருவரும் நன்றாகச் சண்டை பிடித்திருப்பார்கள், பிறகு ஒன்றாகத் தேநீர் குடித்திருப்பார்கள்.

மடுவீதி, அந்த ஒழுங்கை இப்போது எப்படி இருக்கிறது?

மடுவீதி:

முதல் மாரியிலேயே இரண்டு ஓரமும் கரைந்துவிட்டன. நடுவில் ஒரு கோடு மிச்சம். மோட்டார் சைக்கிள் போகும். மனு திரும்பவும் கொடுத்திருக்கிறோம்.