நன்றிக் குறிப்பேடு: தினமும் எழுதுவதா, வாரம் ஒரு முறையா?

கொலுசுப்பட்டறை:
மைத்துனர் விடாமல் வற்புறுத்தியதால், போன ஞாயிற்றுக்கிழமை சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த தன்னம்பிக்கைக் கூட்டத்துக்குப் போய் வந்தேன். தினமும் படுக்கப் போகும் முன் மூன்று நன்றிகளை எழுதினால் 21 நாளில் வாழ்க்கையே மாறிவிடும், இதை அமெரிக்க ஆய்வாளர்கள் நிரூபித்துவிட்டார்கள் என்று முழங்கிய பேச்சாளர், வாசலில் அதற்கான குறிப்பேட்டை 350 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தார். விலையைக்கூட மன்னித்துவிடலாம், 'தினமும்' என்ற சொல்லைத்தான் மன்னிக்க முடியவில்லை. உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்சும் மைக்கேல் மெக்கல்லோவும் இப்படி நன்றி எழுதுவதைப் பற்றி 2003-இல் வெளியிட்ட ஆய்வின் முதல் சோதனையில், கல்லூரி மாணவர்கள் வாரம் ஒரு முறைதான் எழுதினார்கள், பத்து வாரம். கூடுதலாக உடற்பயிற்சி செய்தவர்களும், உடல் உபாதைகளைக் குறைவாகச் சொன்னவர்களும் அவர்கள்தான். தினமும் எழுதியவர்கள் அல்லர்.

ஏற்காட்டு மிளகு:
பட்டறை அண்ணா, அதே கட்டுரையை இரண்டு பக்கம் தள்ளிப் படித்திருக்கலாம். இரண்டாவது சோதனையில் தினமும் எழுதினார்கள், 13 நாள். மூன்றாவதில் நரம்புத்தசை நோய் உள்ளவர்கள் 21 நாள் தினமும் எழுதினார்கள். நன்றி உணர்வு கூடியதும் வாரம் எழுதியவர்களைவிடத் தினமும் எழுதியவர்களிடம்தான் அதிகம். பேச்சாளருக்காக நான் வாதாட வரவில்லை. காபி பறிக்க வருகிறவர்களின் எடைக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எட்டு மாதமாக எழுதி வருகிறேன், 350 ரூபாய் யாருக்கும் கொடுத்ததில்லை. நேற்று எழுதியது இது: 'மூன்றாவது வளைவில் வண்டியின் செயின் கழன்றுவிட்டது. பால் கேனை இறக்கி வைத்துவிட்டு வந்து மாட்டிக் கொடுத்தவர், கையில் ஒட்டிய கிரீசைச் சில்வர் ஓக் மரத்தில் துடைத்துக்கொண்டு, பேர்கூடச் சொல்லாமல் போய்விட்டார்.' எழுதியிருக்காவிட்டால் இன்று காலைக்குள் அவரை மறந்திருப்பேன்.

கொலுசுப்பட்டறை:
அந்த 13 நாள் சோதனையில் உடம்புக்கான பலன் ஒன்றும் தென்படவில்லை என்பதை மட்டும் தங்கச்சி லாகவமாக விட்டுவிட்டார். இன்னொன்றையும் சொல்கிறேன். சோன்யா லியுபோமிர்ஸ்கியும் அவருடைய சகாக்களும் 2005-இல் எழுதிய கட்டுரையில், ஆறு வாரம் நடந்த ஒரு சோதனை பேசப்படுகிறது. வாரம் ஒரு முறை எழுதியவர்களின் மகிழ்ச்சி கூடியது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம் சலிப்புதான். எங்கள் பட்டறையில் காலை முதல் இரவு வரை சலங்கை மணியை உலுக்கிப் பார்க்கிறவன் காதில் அந்த ஓசை விழுவதே இல்லை; கடைக்கு வந்து புதுக் கொலுசை மாட்டிக்கொண்டு நாலடி நடக்கும் குழந்தைக்குத்தான் அது கேட்கிறது. ஆகவே வாரம் ஒரு முறை.

குகைக்காரன்:
வாரம் மூன்று முறை எழுதியவர்களை வைத்துத் தினமும் எழுதுகிறவர்களைத் தோற்கடித்துவிட்டார் அண்ணன். அந்தச் சோதனையில் தினமும் எழுதிய ஒருவர்கூட இல்லையே, ஐயா! ஏற்காட்டு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு 20 அன்று, 19தான் என்று சென்ற ஆண்டு இதே கணக்குத் திறமையோடு நாற்பது பதிவு எழுதியவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? வளைவுக்கு வளைவு பலகையில் எண் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கொலுசுப்பட்டறை:
அவற்றில் ஒன்றைக் கொண்டை ஊசி என்று சொல்ல முடியாது என்றுதான் எழுதினேன், இன்றும் அதையேதான் சொல்வேன். மூன்று முறைக்கே சலித்துப்போனவனுக்கு ஏழு முறை எப்படி இனிக்கும்? இதற்குத் தனியாக ஆய்வு தேவையில்லை.

குகைக்காரன்:
தமக்குத் தேவைப்பட்டபோது ஆய்வு, தேவைப்படாதபோது பொது அறிவு. நல்ல வசதிதான்.

அஸ்தம்பட்டி தமிழாசிரியை:
எண்ணிக்கையைச் சற்று ஒதுக்கிவிட்டு, எழுதப்படுவது என்னவென்று முதலில் தீர்மானிக்கலாமே. குறளின் பதினோராம் அதிகாரத்துக்குச் செய்ந்நன்றியறிதல் என்று பெயர். அங்கே நன்றி என்பது பிறர் நமக்குச் செய்த நன்மையையே குறிக்கிறது. நம் பங்கு அதை அறிதல்தான். நாமோ இன்று அறிதலுக்கே நன்றி என்று பெயர் சூட்டிவிட்டோம். மார்ட்டின் செலிக்மனும் உடன் ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், அன்றன்று நன்றாக நடந்த மூன்று விஷயங்களையும் அவை ஏன் நடந்தன என்பதையும் இரவுதோறும் ஒரு வாரம் எழுதச் சொன்னார்கள். அதில் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. நன்மை செய்தவரை நேரில் சந்தித்து நன்றிக் கடிதத்தை வாசித்துக் காட்டுவது அதே ஆய்வில் வேறொரு பயிற்சி. மழை பெய்ததற்கு மகிழ்வதும், செயின் மாட்டிக் கொடுத்தவரை நினைப்பதும் ஒன்றுதானா?

கொலுசுப்பட்டறை:
அம்மா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் ஒரு வாரம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஒரு வாரம் தினமும் எழுதுவதும் ஆயுள் முழுக்கத் தினமும் எழுதுவதும் ஒன்றாகிவிடாது. அந்தப் பேச்சாளர் சொன்னது ஆயுள் முழுக்க.

ஏற்காட்டு மிளகு:
21 நாள் என்று சொன்னதாகத்தான் முதலில் எழுதினீர்கள், அண்ணா. செலிக்மன் ஆய்வில் அந்த ஒரு வாரத்துக்குப் பிறகும் தாமாகத் தொடர்ந்தவர்களுக்கே பலன் கூடுதலாக நீடித்தது. ஆறு மாதம் கழித்தும் மகிழ்ச்சி கூடியும் மனச்சோர்வு குறைந்தும் இருந்தன.

அஸ்தம்பட்டி தமிழாசிரியை:
என் கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

தட்டுவடை செட்:
வெள்ளி விலை ஏறுகிற நாளில் மட்டும் பட்டறை அண்ணன் தினமும் மூன்று பக்கம் நன்றி எழுதுவார் என்று கேள்விப்பட்டேன்.

கொலுசுப்பட்டறை:
வெள்ளி விலை ஏறினால் ஆர்டர் குறைகிறது. வெள்ளி வியாபாரியுடையது, எங்களுக்குக் கூலி மட்டும்தான் என்ற அடிப்படைகூடத் தெரியாமல் சேலத்தில் குடியிருக்கிறீர்கள். பொடி வைத்து ஊதுவது என் தொழில். பொடி வைத்துப் பேசுவதை நீங்கள் எங்கே கற்றீர்களோ? உங்களுக்குப் பதில் எழுதும் நேரத்தில் இரண்டு கொலுசுக்குப் பற்றவைப்பு முடித்திருப்பேன்.

குகைக்காரன்:
நான் இந்த நன்றி வியாபாரத்தையே வெறுப்பதற்குக் காரணம் வேறு. முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் சம்பளத்தை உயர்த்தித் தரும்படி ஆறு பேர் சேர்ந்து கேட்டோம். மறுவாரம் ஆளுக்கொரு நோட்டைக் கொடுத்து, இருப்பதற்கு நன்றி எழுதப் பழகுங்கள், மனம் தெளியும் என்றார்கள். நோட்டின் விலையைச் சம்பளத்தில் பிடிக்காததுதான் பாக்கி. நன்மை செய்யாதவனுக்கு எதை அறிவது, டீச்சர்?

கொலுசுப்பட்டறை:
அங்கும் தினமும் எழுதச் சொல்லித்தானே கொடுத்தார்கள்? அதைத்தான் நானும் சொல்கிறேன்.

குகைக்காரன்:
ஐயா, நான் சொன்னது சம்பளத்தைப் பற்றி!

ஏற்காட்டு மிளகு:
அண்ணன் ஒரு நாளாவது எழுதிப் பார்த்துவிட்டுப் பேசினால் நன்றாயிருக்கும்.

கொலுசுப்பட்டறை:
பட்டறைக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைதோறும் எழுதுகிறேன். எதை எழுதுகிறேன் என்று இங்கே கடைவிரிக்கிற வழக்கம் எனக்கில்லை. வேண்டுமானால் இந்தக் குழுவிலேயே ஆறு வாரம் சோதித்துப் பார்ப்போம்: பாதிப்பேர் தினமும் எழுதட்டும், பாதிப்பேர் என்னோடு வாரம் ஒரு முறை எழுதட்டும். முடிவை நானே தொகுத்து வெளியிடுகிறேன்.

குகைக்காரன்:
தொகுப்பது நீங்களா? முதலில் மலைப்பாதையில் ஏறிப்போய் வளைவுகளை எண்ணிவிட்டு வாருங்கள்.

கொலுசுப்பட்டறை:
போன மாதம்தான் மறுபடியும் எண்ணினேன், 19தான். 'தினமும்' என்பது பற்றி இன்னும் நான்கு குறிப்புகள் கைவசம் இருக்கின்றன. இரவு பட்டறை சாத்தியதும் எழுதுகிறேன்.