1860-களின் டென்வர் கடிதங்கள்: ஆண்டு போடாத கட்டை எப்படி வரிசைப்படுத்துவது?

சுவடிக்கூடம் கேட்டது:

வணக்கம். கொலராடோவின் டென்வரில் குடியேறிய ஒரு பெண்ணும், ஒஹாயோவிலேயே தங்கிவிட்ட அவள் அக்காவும் எழுதிக்கொண்ட கடிதங்களின் ஸ்கேன் பிரதிகள் ஆய்வுக்காகக் கையில் இருக்கின்றன. நாற்பது சொச்சம். காலம் 1860-லிருந்து 1875-க்குள் என்பது மட்டும் உறுதி. சிலவற்றில் "வியாழன் மாலை" என்பதோடு சரி. சிலவற்றில் கிழமை, தேதி, மாதம் இருக்கிறது, ஆண்டு இல்லை. பாதிக்கு மேல் உறை இல்லை. இருக்கும் உறைகளில் தபால் முத்திரையிலும் ஆண்டு இல்லை. ஐந்தாறு கடிதங்களில் எழுதிய பக்கத்தின் மேலேயே குறுக்காக மறுபடி எழுதியிருக்கிறார்கள், கண் வலிக்கிறது. இவற்றை எந்த முறையில் வரிசைப்படுத்துவது, குறுக்கெழுத்தை எப்படிப் படிப்பது?

தடம்பிடிப்பவர்:

முதலில் ஆண்டைத் தேடாதீர்கள். எந்தக் கடிதம் எதற்குப் பதில் என்று சங்கிலியாகக் கோத்துக்கொள்ளுங்கள். ஆண்டு தானாக விழும்.

அந்தக் காலக் கடிதங்களின் முதல் நான்கைந்து வரிகளை எடுத்துப் பாருங்கள். "இம்மாதம் 3-ஆம் தேதியிட்ட உன் கடிதம் நேற்று இரவு கிடைத்தது" என்ற மாதிரி ஒரு வரி அநேகமாக இருக்கும். தேதிக்குப் பின்னால் "இன்ஸ்ட்" என்று இருந்தால் நடப்பு மாதம், "அல்ட்" என்று இருந்தால் போன மாதம். ஒரு எக்செல் தாளில் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஐந்து கட்டம் போடுங்கள்: யார் எழுதியது, எழுதிய நாள், எந்தத் தேதிக் கடிதத்துக்குப் பதில், அது வந்து சேர்ந்த நாள், உள்ளே வைத்து அனுப்பிய பொருள். ஐந்தாவது கட்டத்தை அலட்சியம் செய்யாதீர்கள். "துணி மாதிரி அனுப்பியிருக்கிறேன்" என்று ஒருத்தி எழுத, "துணி வந்தது, நிறம் பிடித்திருக்கிறது" என்று மற்றவள் எழுதியிருந்தால், தேதியே இல்லாவிட்டாலும் இரண்டும் கொக்கி மாட்டிக்கொள்ளும். தாளின் மூலையில் இரண்டு ஊசித்துளையும் துருக்கறையும் தெரிந்தால் அங்கே துணித்துண்டு குத்தப்பட்டிருந்திருக்கலாம். ஸ்கேனைப் பெரிதாக்கி அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பயண நேரம். எழுதிய நாளுக்கும் கிடைத்த நாளுக்கும் உள்ள இடைவெளியே ஒரு கடிகாரம். 1860-களின் முதல் பாதியில் மிசௌரி ஆற்றங்கரை வரை ரயில், அதற்கப்பால் சமவெளியைக் கடக்கக் குதிரை வண்டி. அந்த வண்டிப் பயணம் மட்டுமே ஆறேழு நாள். ஆக ஒஹாயோவிலிருந்து ஒன்றரை, இரண்டு வாரம் ஆகும். 1867 நவம்பரில் ரயில் டென்வருக்கு வடக்கே ஷையன் ஊர் வரை வந்தது, மிச்சத் தூரம் மட்டும் வண்டி. 1870 ஜூனில் டென்வருக்கே ரயில் வந்துவிட்டது. இடைவெளி ஒரு வாரத்துக்குள் திரும்பத் திரும்ப வந்தால் அது 1867 கடைசிக்குப் பிந்திய கடிதம். 1864 ஆகஸ்டில் சமவெளியின் பூர்வகுடிகளோடு மூண்ட போரால் வண்டித் தடம் அறுந்து, சில வாரம் டென்வர் தபால் பனாமா வழியாகக் கடலில் சான் பிரான்சிஸ்கோ போய், அங்கிருந்து கிழக்கே திரும்பி வந்தது. "இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை" என்ற புலம்பல் இலையுதிர் காலக் கடிதத்தில் வந்தால் 1864-ஐ முதலில் சோதியுங்கள். ஒற்றைக் கடிதத்தின் தாமதத்தை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம். பனிப்புயல், ஆற்றுவெள்ளம் எந்த ஆண்டும் வரும்.

மூன்றாவதாக நாட்காட்டி. கிழமையும் தேதியும் சேர்ந்து இருந்தால் பதினைந்து ஆண்டில் இரண்டு மூன்று ஆண்டுகள்தான் பொருந்தும். உதாரணமாக "ஜூன் 14, ஞாயிறு" என்பது உங்கள் காலத்தில் 1863, 1868, 1874 மட்டுமே. பிறகு ஊர்ச் செய்திகளோடு உரசிப் பாருங்கள். 1863 ஏப்ரல் 19, ஞாயிறு விடியலுக்கு முன் டென்வரின் கடைவீதி எரிந்தது. அதன்பின் கடைவீதியில் செங்கல் கட்டடம்தான் கட்ட வேண்டும் என்று விதி வந்தது. 1864 மே 19, வியாழன் இரவு செர்ரி க்ரீக் வெள்ளம் ஊரைப் பிளந்தது. ஓடைப் படுகையில் தூண் மேல் நின்ற ராக்கி மவுன்டன் நியூஸ் பத்திரிகை அலுவலகமே அடித்துப் போனது. இவ்வளவு பெரிய சம்பவம் நடந்த அடுத்த வாரக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்றால் அந்த ஆண்டு தவறு என்று பொருள். இல்லாததும் சாட்சிதான்.

அரக்குமுத்திரை:

மேலே சொன்னதோடு உறைகளைச் சேருங்கள். 1863 ஜூலை 1 முதல் அமெரிக்காவுக்குள் தூரம் பார்க்காமல் அரை அவுன்ஸுக்கு 3 சென்ட். அதற்கு முன்னும் ஒஹாயோ-டென்வர் கட்டணம் 3 சென்ட்தான். ராக்கி மலையைத் தாண்டினால்தான் 10. அதனால் கட்டணத் தொகை உங்களுக்கு உதவாது. தபால் தலையின் நிறம் உதவும்.

1861 ஆகஸ்டில் வந்த 3 சென்ட் தலை வாஷிங்டன் முகத்தோடு ரோஜா நிறம். (உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென் மாநிலங்களிடம் இருந்த பழைய தலைகளைச் செல்லாமல் ஆக்கவே இந்தப் புது வரிசை.) 1867-லிருந்து அதே தலையில் சிறுசிறு புள்ளிகளாக அழுத்திய சதுரம் ஒன்று சேர்ந்தது, மை இழைக்குள் இறங்கி, முத்திரையைக் கழுவிவிட்டு மறுபடி ஒட்ட முடியாதபடி செய்த ஏற்பாடு அது. 1869-ல் நீல நிறத்தில் ரயில் எஞ்சின். 1870 முதல் பச்சை வாஷிங்டன். தலை எப்போது வெளியானது என்பது கடிதத்துக்கு முந்தைய எல்லை மட்டும். இழுப்பறையில் கிடந்த பழைய தலையைப் பிறகு ஒட்டியிருக்கலாம். புள்ளிச் சதுரம் நேர் ஸ்கேனில் தெரியாது. நூலகத்திடம் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம் கேளுங்கள். "ஜூன் 14, ஞாயிறு" கடிதத்தின் உறையில் பச்சைத் தலை இருந்தால் 1874. ரோஜாவில் புள்ளி இருந்தால் 1868. புள்ளி இல்லையென்றால் 1863 பக்கம் சாயலாம், ஆனால் 1868-ஐ முழுசாக அடித்துவிடக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. இந்த உறைதான் இந்தக் கடிதத்துக்கு உரியது என்று நம்பிவிடாதீர்கள். பிற்காலத்தில் யாரோ கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு மாற்றிச் செருகுவது மிகச் சாதாரணம். கடிதத்தின் மடிப்புக்கோடுகளும் உறையின் அளவும் பொருந்துகிறதா பாருங்கள். முத்திரையின் நாள் கடிதத் தேதிக்குச் சில நாள் பிந்தி இருக்கலாம். முந்தி இருக்கவே முடியாது.

கடிதத்தோடு சின்ன அட்டைப் புகைப்படம் இருந்தால் பின்பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். உள்நாட்டுப் போர்ச் செலவுக்காகப் புகைப்படத்துக்கும் வரி போட்டார்கள். 1864 செப்டம்பர் 1 முதல் 1866 ஆகஸ்ட் 1 வரை மட்டும் பின்னால் வரித்தலை ஒட்டி விற்றார்கள். அந்தத் தலை கண்ணில் பட்டால் படம் இரண்டு ஆண்டுக்குள் அடங்கிவிடும்.

மைக்கூடு:

குறுக்கெழுத்துக்கு வருகிறேன். 1845-க்கு முன் தாள் எண்ணிக்கைக்கும் தூரத்துக்கும் சேர்த்துக் கட்டணம் வாங்கியதால் வந்த பழக்கம் அது. பின்னால் எடைக் கணக்கு வந்தும் விடவில்லை. தடித்த தாளில் ஒரு மடிதாளும் உறையும் சேர்ந்தாலே அரை அவுன்ஸை, அதாவது 14 கிராமை, நெருங்கும். இன்னொரு தாள் வைத்தால் இரட்டைக் கட்டணம்.

பெரிய தாளை ஒருமுறை மடித்து நான்கு பக்கமாக்கி எழுதுவார்கள். நான்கும் நிரம்பியதும் முதல் பக்கத்துக்குத் திரும்பி, தாளைத் தொண்ணூறு பாகை திருப்பி மேலே எழுதுவார்கள். அதனால் முதல் பக்கத்தின் குறுக்கு அடுக்கு என்பது உண்மையில் ஐந்தாம் பக்கம். கடைசி வாக்கியமும் கையெழுத்தும் ஓரத்தில் செங்குத்தாகவோ, முதல் பக்கத்தின் தலையில் தலைகீழாகவோ போய் ஒளிந்திருக்கும். பக்க வரிசையும் எப்போதும் 1, 2, 3, 4 அல்ல. 1, 3, 2, 4 என்றும், 1, 4, 2, 3 என்றும் எழுதுவார்கள். பக்க முடிவில் அறுந்த வாக்கியம் எங்கே தொடர்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

படிக்கும்போது ஸ்கேனை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வரி மட்டும் தெரியும்படி ஜன்னல் வெட்டிய வெள்ளை அட்டையைத் திரையின் மேல் நகர்த்தினால் கண் அந்தத் திசையிலேயே நிற்கும். ஒரு அடுக்கை முழுதும் முடித்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். மாறி மாறிப் படித்தால் இரண்டும் கலங்கும். இரண்டு அடுக்கும் வேறு நாளில் எழுதப்பட்டிருந்தால் மையின் பழுப்பு கொஞ்சம் வேறுபடும். சிவப்பு, பச்சை, நீல வண்ணத் தளங்களைத் தனித்தனியாகப் பார்த்தால் ஒரு தளத்தில் ஒரு அடுக்கு மங்கலாம். ஒரே மையில் ஒரே மாலையில் எழுதியதென்றால் இதனால் பயனில்லை. நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பெயர்த்தெழுதும்போது எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள், வரிமுறிவையும் காப்பாற்றுங்கள். புரியாத சொல்லுக்குச் சதுர அடைப்புக்குறி போட்டு நகருங்கள். இரட்டை "எஸ்" வருமிடத்தில் முதல் எழுத்து நீண்டு "எஃப்" போலவே இருக்கும்; வயதானவர்கள் அறுபதுகளிலும் அப்படித்தான் எழுதினார்கள். குடும்பத்தார் தயாரித்த பழைய தட்டச்சுப் பிரதி இருந்தால் அதை ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சண்டை, கடன், கர்ப்பம் பற்றிய வரிகளைச் சந்ததியினர் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துவிடுவதுண்டு.

சுவடிக்கூடம்:

மிக்க நன்றி. பதில் சங்கிலி போட்டதில் பதினொரு கடிதங்கள் ஒரே கோவையாக வந்துவிட்டன. இரண்டு முடிச்சு மிச்சம். ஒன்று, இரு ஊர்க் கடிதங்களிலும் "சிஸ்டர் மேரி" வருகிறாள், ஒருத்தியா இருவரா? இரண்டு, தங்கை ஒரு இடத்தில் "மார்ச்சில் நான் நோயில் படுப்பேன்" என்று முன்கூட்டியே எழுதியிருக்கிறாள். தனித்துண்டுத் தாளில், கடைசியில் "இதை எரித்துவிடு" என்றும் இருக்கிறது.

குடிவழி:

இரண்டாவது முடிச்சுதான் உங்களுக்குப் பெரிய புதையல். அது பிரசவம். கர்ப்பத்தை நேராக எழுதமாட்டார்கள். "நோயில் படுப்பது", "உடம்பு முடியாமல் இருப்பது" என்றே எழுதுவார்கள். தனித்துண்டு ஏனென்றால், வந்த கடிதத்தைக் கூடத்தில் எல்லாருக்கும் உரக்கப் படிக்கும் வழக்கம் உண்டு. அக்காவுக்கு மட்டும் உரியதைத் தனியாக எழுதி மடிப்புக்குள் வைப்பார்கள். அக்கா எரிக்காமல் விட்டதால்தான் நமக்கு ஒரு பிறந்த மாதம் கிடைத்திருக்கிறது.

அதை மக்கள்தொகைக் கணக்கோடு மாட்டுங்கள். 1870 கணக்கில் வயது ஜூன் 1 நிலவரப்படி எழுதப்பட்டது. தங்கை வீட்டில் ஆறு வயதுக் குழந்தை இருந்தால் அது 1863 ஜூனுக்கும் 1864 மே இறுதிக்கும் நடுவில் பிறந்தது. அதில் வரும் மார்ச் 1864 மட்டும். ஆகவே துண்டுத்தாள் 1863 இலையுதிர் காலமோ அதையொட்டிய குளிர்காலமோ. ஓராண்டுக்குள் பிறந்த குழந்தைக்குப் பிறந்த மாதமும் அதே பட்டியலில் இருக்கும். கணக்கெடுப்பாளர்கள் வயதை ஓரிரு ஆண்டு தவறாக எழுதுவது சகஜம் என்பதால் 1880-லும் அந்தக் குழந்தையைத் தேடிப் பாருங்கள். குழந்தையே பட்டியலில் இல்லை என்றால் இறந்திருக்கலாம். அடுத்த கோடைக் கடிதங்களில் கறுப்பு ஓரம் போட்ட தாள் வருகிறதா என்று கவனியுங்கள்.

மேரி விஷயத்தில், "சிஸ்டர்" என்று கணவனின் சகோதரியையும் எழுதுவார்கள், அண்ணன் மனைவியையும் எழுதுவார்கள், ஒரே தேவாலயத்தைச் சேர்ந்தவளையும் எழுதுவார்கள். ஆக இருவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு மேரிக்கும் ஒரு தாள் போட்டு, எந்த ஊரில், யாரோடு, எந்தத் தேதியில் இருந்தாள் என்று எழுதுங்கள். ஒரே வாரத்தில் இரண்டு ஊரிலும் இருந்தால் விஷயம் முடிந்தது. "பாலி" என்று ஒருத்தி வந்தால் அவளும் மேரிதான், சாலி என்றால் சாரா, பாட்சி என்றால் மார்த்தா. புது ஆள் என்று நினைத்துக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். 1860, 1870 கணக்குகளில் உறவுமுறைக் கட்டம் கிடையாது, 1880-ல்தான் வந்தது; அதில் "மைத்துனி" என்று பதிவாகியிருந்தால் டென்வர் மேரி யாரென்று தெரிந்துவிடும். 1860 கணக்கில் தேடும்போது கொலராடோ என்று தேட வேண்டாம். அந்தப் பெயரில் பிரதேசம் உருவானது 1861 பிப்ரவரி 28. அதற்கு முன் டென்வர் கான்சாஸ் பிரதேசத்தின் அரப்பஹோ கவுன்டி. உறையிலோ கடிதத் தலையிலோ ஊர்ப் பெயருக்குப் பின் "கே. டி." (கான்சாஸ் டெரிட்டரி, அதாவது கான்சாஸ் பிரதேசம்) என்று இருந்தால் அந்தக் கடிதத்தைக் கோவையின் முதலில் வையுங்கள்.