மகிழ்ச்சி நாட்டமா, இன்பம் மேவலா? (பாடநூலுக்குக் கலைச்சொல், அவசரம்)

குழுமத்தார்க்கு வணக்கம்.

கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கான அமெரிக்க வரலாற்று நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். சுதந்திரப் பிரகடனம் பற்றிய இயல் வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குப் போக வேண்டும். அதை 1776இல் வரைந்த தாமஸ் ஜெஃபர்சன் எழுதிய மூன்று உரிமைகளில் உயிர், சுதந்திரம் இரண்டிலும் சிக்கல் இல்லை. மூன்றாவதான 'பர்சூட் ஆஃப் ஹாப்பினஸ்' என்பதற்கு 'மகிழ்ச்சியைத் தேடும் உரிமை' என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்த ஆசிரியர், சுற்றுலா விளம்பரம் மாதிரி இருக்கிறது என்றார். இயல் சொல்வதோ வேறு. அந்தத் தலைமுறைக்கு மகிழ்ச்சியும் தனிமனித நற்பண்பும் பிணைந்தே இருந்தன. 1789 ஏப்ரல் 30 அன்று முதல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற வாஷிங்டன், இரண்டுக்கும் பிரிக்க முடியாத இணைப்பு உண்டு என்றே பேசினார். ஆக இரண்டு சொற்கள் வேண்டும்: அந்த மூன்றாவது உரிமைக்கு ஒன்று, ஆங்கிலத்தில் 'வர்ச்சூ' எனப்படும் நற்பண்புக்கு ஒன்று.

சு.

*

அன்புள்ள சு. அம்மாவுக்கு,

முதலில், அது 'விடுதலைச் சாற்றுரை'. பிரகடனம் நமக்கு எதற்கு?

மகிழ்ச்சி வேண்டவே வேண்டாம். பழைய இலக்கியத்தில் மகிழ் என்பது கள்ளுக்கும் அது தரும் மயக்கத்துக்கும் பெயர். 'இகழ்ச்சியின் கெட்டாரை உள்ளுக தாந்தம் மகிழ்ச்சியின் மைந்துறும் போழ்து' என்ற குறளிலும் மகிழ்ச்சி செருக்கைத்தான் சுட்டுகிறது. அதிகாரமே பொச்சாவாமை, அதாவது மகிழ்ச்சியில் மயங்கிக் கடமையை மறவாமை. ஜெஃபர்சன் காலத்துத் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், தாம் பழகுவதற்கெனப் பட்டியலிட்ட 13 நற்பண்புகளில் முதலில் வைத்தது உணவிலும் குடியிலும் மட்டாக இருப்பதை. அவர் தலைமுறை நாடியதற்கா மகிழ்ச்சி என்று பெயர்?

இன்பம்தான் சொல். 'எல்லா உயிர்க்கும் இன்பம் என்பது தானமர்ந்து வரூஉம் மேவற் றாகும்' என்கிறது தொல்காப்பியப் பொருளியல். எல்லா உயிர்க்கும் என்பதைக் கவனியுங்கள். விரும்புதலும் பொருந்துதலும் அடைதலும் மேவு என்ற ஒரே வினைக்குள் இருக்கின்றன. எனவே 'இன்பம் மேவல்'.

நற்பண்புக்குச் 'சால்பு'. சால் என்றால் நிறைதல். ஆங்கில 'வர்ச்சூ'வுக்கு மூலமான இலத்தீன் விர்த்தூஸ் என்பது ஆடவனைக் குறிக்கும் விர் என்ற சொல்லிலிருந்து பிறந்தது. நம் சான்றாண்மையிலும் ஓர் ஆண்மை நிற்கிறது. அது ஆள் என்ற வேரிலிருந்து வந்தது. தன்னை ஆள்பவனே சான்றோன். இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?

இரா.

*

இரா. ஐயா, மதிப்புடன் மறுக்கிறேன். நான் தினமும் வகுப்பில் நிற்கிறவள். மேவல் என்று எழுதினால் அதை விளக்கவே ஒரு பாடவேளை போய்விடும். இன்பம் என்றால் மாணவர்கள் மனம் நேரே மூன்றாம் பாலுக்குப் போகும். சால்பு அழகான சொல்தான், ஆனால் மதிப்பெண்ணுக்காகப் படிக்கும் பிள்ளை அதைச் சார்பு என்று எழுதிவிட்டு வரும்.

சிலர் தனிமடலில் 'நல்வாழ்வு' என்றார்கள். மக்கள் நல்வாழ்வுத் துறை என்று அரசே பலகை மாட்டியிருக்கிறது, எல்லாரும் மருத்துவமனையைத்தான் நினைப்பார்கள். மகிழ்ச்சியே இருக்கட்டும். ஆயிரம் ஆண்டுக்கு முன் என்ன பொருள் என்பது இன்றைய வாசகருக்குத் தடையாக இருக்கக் கூடாது.

கு.

*

இருவரும் பெயர்ச்சொல்லைப் பற்றியே பேசுகிறீர்கள். சிக்கல் வினையில் இருக்கிறது.

ஜெஃபர்சனுக்கு முன்பே, 1776 ஜூன் 12இல் வர்ஜீனியா ஓர் உரிமை அறிக்கையை ஏற்றது. எழுதியவர் ஜார்ஜ் மேசன். அதில் மகிழ்ச்சியையும் பாதுகாப்பையும் 'நாடுவதும் அடைவதும்' என்று இரண்டு வினைகள். ஜெஃபர்சன் நாடுவதை மட்டும் வைத்துக்கொண்டு அடைவதை விட்டுவிட்டார். இரா. ஐயா சொல்லும் மேவலுக்குள் அடைதலும் இருப்பதால் இந்த வேறுபாடே அழிந்துபோகும். சு. அம்மாவின் இயலில் இரண்டு ஆவணங்களும் அடுத்தடுத்து வருமென்றால் மாணவர் குழம்பிவிடுவார்.

அப்புறம், தேடுதலும் முழுச் சரியில்லை. ஆர்தர் ஷ்லெசிங்கர் என்ற வரலாற்றாசிரியர் 1964இல் ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் காலத்து வழக்கில் 'பர்சூட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஓடிப்பிடிப்பது மட்டும் பொருளன்று, ஒருவர் மருத்துவத்தைத் தொழிலாகக் கைக்கொள்வதுபோல ஒன்றைக் கைக்கொண்டு ஒழுகுவதும் பொருள் என்பது அவர் வாதம். அப்படிப் பார்த்தால் மகிழ்ச்சி தொலைந்துபோன பொருள் இல்லை, நாள்தோறும் பழகும் ஒழுக்கம். ஃபிராங்க்ளின் செய்ததும் அதுதான். சிறு குறிப்பேட்டில் ஏழு நாளுக்கு ஏழு பத்தி, 13 பண்புக்கு 13 வரி, தவறிய இடத்தில் கறுப்புப் புள்ளி. வாரத்துக்கு ஒரு பண்பு, ஆண்டுக்கு நான்கு சுற்று. பணிவு முதலில் பட்டியலில் இல்லை. குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த நண்பர் ஒருவர், உங்களைச் செருக்குள்ளவர் என்கிறார்கள் என்று சொன்ன பிறகே சேர்த்தார். முதுமையில் ஜெஃபர்சனும் கிரேக்க மெய்யியலாளர் எபிக்கூரஸின் கொள்கையைச் சுருக்கி, வாழ்வின் நோக்கம் மகிழ்ச்சி, அதன் அடித்தளம் நற்பண்பு என்று 1819இல் ஒரு கடிதத்தில் எழுதினார்.

நாட்டம் என் பரிந்துரை. தேடலின் பரபரப்பு அதில் இல்லை, அடைந்துவிட்டதாகவும் பொருள் தராது.

ந.

*

நாட்டம் எனக்கும் உவப்பே. சங்கத் தமிழில் அது கண்ணுக்கும் பெயர். பார்வை போகும் இடத்துக்கே மனமும் போகிறது. ஆனால் 'நாடென்ப நாடா வளத்தன' என்ற குறளையும் எண்ணிப் பாருங்கள். தேடி அலையாமலே வளம் கிடைப்பதுதான் நாடு என்கிறார் வள்ளுவர். அங்கே ஒரு புதிய நாடு, நாடுதலையே உரிமையாக எழுதிக்கொண்டு பிறக்கிறது. நாடு, நாடுதல் இரண்டுக்கும் வேர் ஒன்றா என்பதைத் தனி இழையில் எழுதுகிறேன்.

மகிழ்ச்சியை மட்டும் ஏற்க மாட்டேன். 'அறத்தான் வருவதே இன்பம்.' பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ் 1776இல் எழுதிய அரசியல் சிறுநூலில், மனிதனின் மகிழ்ச்சியும் மாண்பும் நற்பண்பில் அடங்கியவை என்று கன்பூசியஸையும் சாக்ரடீசையும் துணைக்கு அழைக்கிறார். வள்ளுவரை அறிந்திருந்தால் அவரையும் அழைத்திருப்பார்.

இரா.

*

ஒழுக்கம், சால்பு என்றே பேசிக்கொண்டு போனால் இந்தச் சொல் யாருக்கு மறுக்கப்பட்டது என்பது மறைந்துவிடும். ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார். 1777 ஜனவரியில் பிரின்ஸ் ஹாலும் வேறு சில கறுப்பினத்தவரும் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு விண்ணப்பம் எழுதி, பிறர் கையால் பறிக்க முடியாத இயற்கை உரிமை தங்களுக்கும் உண்டு என்று கேட்டார்கள். 1780இல் அந்த மாநில அரசியலமைப்பு, மகிழ்ச்சியை நாடவும் அடையவும் எல்லா மனிதருக்கும் உரிமை உண்டு என்றது. 1783இல் அதே அரசியலமைப்புடன் அடிமை முறை பொருந்தாது என்று தலைமை நீதிபதி வில்லியம் குஷிங் சொன்னார். விற்கப்படாமல் இருப்பதும் பிள்ளையைப் பிரியாமல் இருப்பதும்தான் அவர்கள் நாடிய மகிழ்ச்சி. அதற்கு யாரும் குறிப்பேட்டில் புள்ளி வைத்துத் தகுதி பெற வேண்டியதில்லை. எளிய சொல்லே போதும்.

வ.

*

அனைவருக்கும் நன்றி. நாளை அனுப்பியாக வேண்டும், எனவே முடிவு இது. உரிமைக்கு 'மகிழ்ச்சி நாட்டம்'. வாக்கியத்துக்குள் 'மகிழ்ச்சியை நாடும் உரிமை'. மேசனுக்கு 'நாடவும் அடையவும்'. ஃபிராங்க்ளின் பட்டியலில் 'நற்பண்பு', குடியரசு நிலைக்கக் குடிமக்களிடம் வேண்டியது என்று பிரெஞ்சு அரசியல் சிந்தனையாளர் மாண்டெஸ்கியூ சொன்ன பொருளில் 'பொது அறம்'. இன்பம், மேவல், சால்பு மூன்றும் அடிக்குறிப்பில் இருக்கும். கு., வ., ந. மூவரும் சரி என்கிறார்கள்.

சு.

*

நான் சரி சொன்னது மகிழ்ச்சி நாட்டத்துக்கு மட்டும். நற்பண்பையும் அறத்தையும் பிரித்ததற்கு அன்று. வர்ஜீனியா அறிக்கையின் 15ஆம் பிரிவைப் பாருங்கள்: நீதி, மிதம், மட்டு, சிக்கனம், நற்பண்பு இவற்றைப் பற்றி நிற்காமல் எந்த மக்களும் சுதந்திர அரசைக் காக்க முடியாது என்கிறது. வீட்டுச் சிக்கனமும் நாட்டு நீதியும் ஒரே வரிசை. ஒருவர் தனியே பழகுவதும் குடியரசுக்கு வேண்டியதும் அவர்களுக்கு ஒரே சொல். நாம் இரண்டு சொல் போட்டால் அவர்கள் சொன்ன இணைப்பு தமிழில் அறுந்துவிடும். இந்தப் பதிப்பில் நேரமில்லை என்றால் அடுத்த பதிப்பில் இரண்டு இடத்திலும் 'அறம்' என்றே இருக்க வேண்டும். சால்புக்கும் எனக்குத் தடையில்லை.

ந.